செவலை செத்த கோடை

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஜெகதாம்பாள், தாவணியைக்கூட மாற்றாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். எழுபத்தேழாம் வருஷம் அது. அந்தத் தெருவில் பதினோராம் வகுப்பு வரை படித்த பெண் அவள் ஒருத்திதான்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது அவர்கள் ஊர். அப்பா நல்லுசாமிக்கு மானாவாரி நிலம் கொஞ்சம். மழை வந்தால் கடலை, வராவிட்டால் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, அதை ஒட்டி மாட்டுக் கொட்டகை, கொட்டகைக்கு அந்தப் பக்கம் நெருஞ்சியும் கருவேலமும் மண்டிக் கிடந்த இடம். அந்த இடத்தின் மேல்தான் ஜெகதாம்பாளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"வெயிலு இந்த அடி அடிக்குது. இப்பப் போயி கொத்துறா பாரு," என்றாள் அம்மா சுந்தராம்பாள்.

"கெணத்துல தண்ணி கெடக்குல்லம்மா. நான் எறச்சு ஊத்திக்கறேன்."

ஊற்றினாள். நல்லுசாமி சிரித்துக்கொண்டே பாத்தி கட்டிக் கொடுத்தார். கத்தரி, வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, ஓரத்தில் ஒரு பூசணிக்கொடி, கிணற்று மேட்டில் இரண்டு வரிசை கனகாம்பரம். மாடு புகாமலிருக்கக் கருவேல முள்ளை வெட்டிவந்து சுற்றிலும் வேலி போட்டாள். அதில் கை இரண்டும் கீறிக் கிழிந்தன. அண்ணி மருதாயி மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டாள்.

அண்ணன் வைரக்கண்ணு அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலையாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மருதாயியும் கைக்குழந்தையும் இங்கேதான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குழந்தையைச் சாக்கில் போட்டுவிட்டு மூன்று பெண்களும் கொல்லையில் உட்கார்ந்துவிடுவார்கள். வெண்டையில் பூ வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருதாயி, வைரக்கண்ணு சைக்கிள் ஓட்டப் பழகிய கதையைச் சொல்லுவாள். சுந்தராம்பாள் புருஷன் காதில் விழும்படியாகவே அவரைக் கிண்டல் செய்வாள். இத்தனை வருஷமும் விடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் ஜெகதாம்பாள். தன் வீட்டில் பகல் நேரத்தில் இவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்பதே அவளுக்கு அந்தக் கோடையில்தான் தெரிந்தது.

வைகாசி பிறந்த சமயம், செவலை தீனி எடுக்காமல் நின்றது.

செவலை அவர்களுடைய கறவை மாடு. சாதுவானது. குழந்தை போய்க் காலைப் பிடித்தாலும் அசையாமல் நிற்கும். அன்று காலையில் வைத்த தவிட்டுத் தண்ணீர் அப்படியே இருந்தது. வாயிலிருந்து கயிறு மாதிரி எச்சில் ஒழுகியது. கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியது. அந்தக் குரல் மாட்டின் குரலாக இல்லை. உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டு, காற்று மட்டும் வெளியே வருவது போல இருந்தது.

"தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு," என்றார் நல்லுசாமி.

முதல் நாள் சாயங்காலம் புழு விழுந்த பூசணிப் பிஞ்சு ஒன்றைப் பிடுங்கிச் செவலைக்கு முன்னால் போட்டவள் ஜெகதாம்பாள்தான். முழுசாகப் போட்டுவிட்டாள். நறுக்கிப் போட்டிருக்கக் கூடாதா?

"அப்பா, நீங்க வாயப் புடிங்க. என் கைதான் ஒல்லி. நான் எடுத்துடறேன்."

நல்லுசாமி ஒரு கையால் கொம்பையும் ஒரு கையால் தாடையையும் பிடித்துக்கொண்டார். அவள் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டாள். நாக்கு நெருப்பாகச் சுட்டது. எச்சில் பசை போலக் கையெல்லாம் அப்பியது. துழாவித் துழாவிப் பார்த்தாள். பூசணிப் பிஞ்சு இல்லை, எதுவுமே இல்லை. கையை உருவும்போது கடைவாய்ப் பல் உரசி, வேலியைச் சரிசெய்கையில் பட்ட முள் கீறல்கள் மறுபடி ரத்தம் கண்டன. வைக்கோலில் துடைத்துக்கொண்டு, கிணற்றடியில் கையை ஒரு முறை அலசிவிட்டு, போய்க் கத்தரிக்குக் களை எடுத்தாள்.

மறுநாள் செவலை கொட்டகைத் தூணில் தலையை முட்டியது. முட்டி முட்டி நெற்றி கிழிந்தது. பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. நல்லுசாமி போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். அவர் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"இத நாய் ஏதாச்சும் கடிச்சுதா?"

யாருக்கும் தெரியவில்லை. பங்குனியில் ஒரு நாய் வாயில் நுரையோடு தெருவுக்குள் வந்ததும், ஆட்கள் கம்பை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் விரட்டியதும் சுந்தராம்பாளுக்கு நினைவு வந்தது. அன்று செவலை காட்டில்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

"அதான்," என்றார் டாக்டர். "வெறி புடிச்சிருக்கு. இனிமே பொழைக்காது. யாரும் கிட்டப் போவாதீங்க." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "வாய்க்குள்ள யாராச்சும் கைய வுட்டீங்களா? சில பேரு எதாவது சிக்கியிருக்குன்னு வுடுவாங்க."

எல்லாரும் ஜெகதாம்பாளைப் பார்த்தார்கள். அவள் கையை நீட்டினாள். "அப்பா தாடையப் புடிச்சுக்கிட்டாரு," என்றாள். மஞ்சள் பூசிய கீறல்களை டாக்டர் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவும்மா. கழுவிட்டு இப்பவே கெளம்பிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கின்னு வச்சுக்காதீங்க. பெரியவரே, நீங்களும்தான். தாடையப் புடிச்சிருக்கீங்க."

"எங் கையில புண்ணு ஏதும் இல்லீங்களே."

"கண்ணுக்குத் தெரியாத புண்ணு இருக்கும். போங்க."

பாலைப் பற்றிச் சுந்தராம்பாள் கேட்டாள். காய்ச்சிக் குடித்த பாலால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். சொல்லியும், பால் வாங்கிய வீட்டுக்காரர்கள் அன்று முழுவதும் வாசலில் வந்து வந்து அதையே கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஜெகதாம்பாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது செவலையைப் பற்றி நினைக்கவில்லை. அய்யம்பெருமாளைப் பற்றி நினைத்தாள். அடுத்த தெருவில் இருந்த மனிதர். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவரை நாய் கடித்தது. வேர் கொடுக்கிறவரிடம் போய் வேர் வாங்கித் தின்றார், உப்பில்லாமல் பத்தியம் இருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லாரும் மறந்த பிறகு, ஒரு மத்தியானம் அவர் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. அவரைக் கயிற்றுக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பெண்டாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தச் சொம்பைப் பார்த்ததும் அவர் அலறிய அலறலை ஜெகதாம்பாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். அம்மா வந்து காதைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் அவள் போனதே இல்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகப் பேசினார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் வர வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது.

"ஊசி போட்டுட்டா வராதுங்களா சார்?" என்று கேட்டாள் அவள்.

"பெரும்பாலும் வராது."

"எவ்வளவு நாளைக்கிப் பயப்படணும் சார்?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வந்தா ஒரு மாசத்துலயும் வரும், ஆறு மாசத்துலயும் வரும். ஒரு வருஷம் தாண்டிட்டா கவலையில்ல. நீ பயப்படாத."

அந்தப் 'பெரும்பாலும்' அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஊசி பெரிது. மருந்து உள்ளே போகும்போது வயிற்றில் கொள்ளிக்கட்டையை வைத்தது போல எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடுத்து நல்லுசாமி சட்டையைத் தூக்கினார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. காளை மாட்டை ஒற்றை ஆளாக மடக்குகிறவர், பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவர், நர்ஸின் கையைப் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பொண்ணு எப்பிடி நின்னுது பாத்தீங்கல்ல? நீங்க என்ன பெரியவரே," என்று நர்ஸ் சிரித்தாள்.

ஜெகதாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பயந்து அவள் பார்த்ததில்லை. அவரே பயப்படுகிறார் என்றால் இது பயப்பட வேண்டிய விஷயம்தான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது செவலை செத்திருந்தது. வைரக்கண்ணுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் வந்து நான்கு ஆட்களோடு காட்டு ஓரத்தில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தான். அந்த மாட்டுக்காக வீட்டில் யாரும் அழவில்லை. அழுவதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

அதன் பிறகு ஜெகதாம்பாளின் பொழுது தண்ணீரோடுதான் விடிந்தது. எழுந்ததும் கிணற்றடிக்குப் போவாள். வாளியை இறக்கி இழுத்து, நிறைந்த வாளிக்குள் உற்றுப் பார்ப்பாள். தண்ணீர் அலையடித்து அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள். மனசுக்குள் ஏதாவது சுருங்குகிறதா? தொண்டை இழுக்கிறதா? ஒரு கை அள்ளிக் குடிப்பாள். இறங்கியதும் பெருமூச்சு விடுவாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்தேகம் வரும். இப்போது எப்படியோ? மறுபடி போய் ஒரு வாளி இறைப்பாள். இறைத்த தண்ணீரை என்ன செய்வது? பாத்தியில் ஊற்றுவாள்.

சுட்டெரிக்கிற வைகாசி வெயிலில் அந்தக் கொல்லை மட்டும் கார்த்திகை மாசம் மாதிரி பச்சென்று நின்றது. வெண்டை ஆள் உயரம் வளர்ந்தது.

"ஏன்டி இவ்வளவு தண்ணி ஊத்தற? வேரு அழுவிடும்டி," என்றாள் சுந்தராம்பாள்.

"ஊத்திட்டுப் போறேன் விடும்மா."

சுந்தராம்பாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மகள் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் தானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், பக்கத்தில் நின்று, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தாள்.

காய் நிறையக் காய்த்தது. வீட்டுக்குப் போக மிஞ்சியதைக் கூடையில் போட்டுத் தெருவில் கொடுத்தாள் ஜெகதாம்பாள். எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் குப்பை கொட்டப் போனபோது, குப்பைமேட்டில் அவள் கொடுத்த கத்தரிக்காய்கள் அப்படியே கிடந்தன. காம்புகூட வாடவில்லை. அவள் ஒன்றையும் எடுக்காமல், யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்தாள்.

எல்லாவற்றையும் விடக் குழந்தையை நினைத்துத்தான் அவளுக்கு அதிகப் பயம். செவலைக்கு நோய் வந்த அன்று கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாளா, கழுவாமலேயே கொடுத்தாளா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த நினைவைத் தேடியே பல மத்தியானங்கள் போயின.

"அண்ணி, எனக்குத் தனி டம்ளர் வச்சிடு. தட்டும் தனியா வச்சிடு," என்றாள் ஒரு நாள்.

"ஏன் ஜெகதா இப்பிடிப் பேசுற? டாக்டரு அதெல்லாம் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லலேன்னாலும் வச்சிடு. புள்ளய என் பக்கம் வுடாத."

மருதாயி அழுதாள். ஆனால் டம்ளரைத் தனியாக வைத்தாள். குழந்தை அத்தையைப் பார்த்துத் தவழ்ந்து வந்தால் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் ஒரு காலையில் மருதாயி துணிமணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மாமியாரிடம் வந்து நின்றாள்.

"அத்தை, உடையார்பாளையத்துக்குப் போயி அம்மா வூட்ல கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டுங்களா? எனக்கு ராத்திரியில தூக்கம் வல்லீங்க. புள்ள கொஞ்சம் தும்முனாக்கூட ஒடம்பு நடுங்குது."

"போயிட்டு வாம்மா," என்றாள் சுந்தராம்பாள்.

மருதாயி சாலைக்குப் போய் பஸ் ஏறும் வரைக்கும் ஜெகதாம்பாள் தூரத்தில், புளியமரத்தடியில் நின்று பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் தன் கையைத் தாவணிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஊசிக்குப் போன ஒரு நாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக இருந்தது. பரீட்சை முடிவு பேப்பரில் வந்திருந்தது. நல்லுசாமி ஒரு பேப்பரை வாங்கிக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினார். எறும்பு ஊர்வது போல எண்கள். அவளுடைய எண் அதில் இருந்தது.

"இருக்கா?"

"இருக்குப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"இருக்குப்பா. பாஸு."

நல்லுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு ஆளிடம், "எம் பொண்ணுங்க. பதினொண்ணு பாஸ் பண்ணிருச்சு," என்றார். பிறகு பக்கோடா வாங்கிக் கொடுத்தார். வயிறு ஊசியால் கன்றிப் போயிருந்ததால் இரண்டு பேருக்குமே சாப்பிட முடியவில்லை.

"மேல என்ன பாப்பா படிக்கற? டீச்சர் வேலைக்கிப் படிக்கறியா?"

"பாக்கலாம்பா," என்றாள். இருந்தால் பார்க்கலாம் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

பதினாலு ஊசியும் முடிந்தன. சுந்தராம்பாள் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். உடையார்பாளையத்தில் குழந்தை நன்றாக இருப்பதாக வைரக்கண்ணு வந்து சொன்னான். கொஞ்சம் மூச்சு விடலாம் போலத் தோன்றியபோதுதான் அப்பாவுக்கு அது நடந்தது.

ஆனி மாசக் கடைசி. காற்று கிளம்பியிருந்தது. நல்லுசாமி கொல்லையில் பழைய வெண்டைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். ஜெகதாம்பாள் கிணற்று மேட்டில் கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தாள். சுந்தராம்பாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஒரு மிடறு. அவ்வளவுதான். தண்ணீர் முழுவதும் வெளியே பீறிட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண் பிதுங்கியது. சொம்பைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய்ப் பாத்தியில் விழுந்தது.

மூன்று பேரும் அந்தச் சொம்பைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

நல்லுசாமி மெதுவாக எழுந்து, காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஜெகதாம்பாள் கொட்டகை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா."

"அங்கயே நில்லு."

"என்னப்பா பண்ணுது?"

"தொண்டை அடைக்குது பாப்பா. எச்சிய முழுங்க முடியல." அவர் குரல் கரகரத்தது. அந்தக் குரலைக் கேட்டதும் செவலை கத்தியது அவளுக்கு நினைவு வந்தது. "உங்கம்மாவக் கிட்ட வுடாத. அந்த மாட்டுக் கயிறு இருக்குல்ல, அத எடுத்தாந்து என்ன இந்தத் தூண்ல கட்டிப் போட்டுடுங்க. எனக்குப் புத்தி இருக்கும்போதே கட்டிடுங்க. அப்பறம் நான் என்ன பண்ணுவனோ."

அவளுக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அய்யம்பெருமாள் வீட்டு ஜன்னலிலிருந்து அம்மா இழுத்துக்கொண்டு போனாளே, அது போல இப்போதும் யாராவது வந்து காதைப் பொத்தி இழுத்துக்கொண்டு போக மாட்டார்களா என்று இருந்தது. யாரும் வரவில்லை. அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஜெகதாம்பாள் கொட்டகைக்குள் போனாள். அப்பாவின் பக்கத்தில், கை படுகிற தூரத்தில், சாணம் காய்ந்த தரையில் உட்கார்ந்தாள்.

"கட்ட மாட்டேன்பா. விடியட்டும். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போயி என்ன பண்றது?"

"எனக்குத் தெரியாதுப்பா. போவோம்."

காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். நல்லுசாமி துண்டால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு கடைசி இருக்கையில் ஒதுங்கி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காற்று பட்டாலும் அந்த நோய் வந்தவர்களுக்கு ஆகாது என்று ஜெகதாம்பாள் கேள்விப்பட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கொதித்தது.

டாக்டர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். சிரிக்கவில்லை. நல்லுசாமியை வெளிச்சத்துக்கு எதிரில் உட்கார வைத்தார். ஒரு அட்டையை எடுத்து முகத்துக்கு நேராக விசிறினார். நல்லுசாமி கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஜெகதாம்பாள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மாறப் போகிறது, மாறப் போகிறது என்று நினைத்தாள்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"காய்ச்சலா?" என்றாள் சுந்தராம்பாள்.

"ஒடம்பு கொதிக்குதே. தொண்டையில ரெண்டு பக்கமும் வீங்கிப் புண்ணா இருக்கு. சீழ் வச்சிருக்கு. முழுங்குனா வலிக்கத்தான் செய்யும்." நர்ஸிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினார். அதை நல்லுசாமியிடம் நீட்டினார். "இந்தாங்க. குடிங்க."

நல்லுசாமி பின்னால் நகர்ந்தார்.

"பெரியவரே, அந்த நோயி வந்தவனால இந்த டம்ளரப் பாத்துக்கிட்டுக்கூட உக்கார முடியாது. நீங்க பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருக்கீங்க? கையில வாங்குங்க. வலிக்கும். வலிச்சாலும் குடிங்க."

நல்லுசாமி டம்ளரை வாங்கினார். தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் சிந்தியது. மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். வாயில் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சினார். முகம் வலியில் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீர் இறங்கியது. இன்னொரு மடக்கு. அதுவும் இறங்கியது. டம்ளர் காலியானதும் சுந்தராம்பாள் சுவரில் சாய்ந்து, சத்தமாக, வெட்கமே இல்லாமல் அழுதாள்.

"ஊசி ஒண்ணு போடணும்," என்றார் டாக்டர்.

"இன்னொண்ணாங்க?" என்று நல்லுசாமி கேட்ட விதத்தில் நர்ஸ் சிரித்துவிட்டாள். ஜெகதாம்பாளும் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்ததும் அவளால் நிறுத்த முடியவில்லை. வெளியே வராந்தாவில் வந்து உட்கார்ந்து, தாவணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, அது அழுகையாக மாறும் வரைக்கும் சிரித்தாள்.

நல்லுசாமிக்குத் தொண்டை ஆறியது. மருதாயியும் குழந்தையும் ஆடி கழிந்து திரும்பி வந்தார்கள். வந்ததும் மருதாயி குழந்தையை ஜெகதாம்பாள் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். டீச்சர் படிப்புக்கு மனுப் போடும் காலம் அந்த அமளியில் தாண்டிப் போயிருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் நல்லுசாமி.

ஐப்பசியில் வைரக்கண்ணு ஒரு வரன் கொண்டுவந்தான். அரியலூர்ப் பையன், பெயர் தர்மராஜ். வைரக்கண்ணு வேலை பார்க்கும் அதே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். அப்பா இல்லை, அம்மா மட்டும். பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்தார்கள். தர்மராஜின் அம்மா ஜெகதாம்பாளின் முடியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள்.

"பொண்ணு எதாச்சும் கேக்கணும்னா கேக்கட்டும்," என்றான் தர்மராஜ். "படிச்ச பொண்ணு."

கேட்கக் கூடாது என்று சுந்தராம்பாள் கண்ணால் சொன்னாள். ஜெகதாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க மாடு வெறி புடிச்சுச் செத்துச்சுங்க. அது வாயில நான் கைய வுட்டுட்டேன். ஊசி போட்டாச்சு. ஆனா ஒரு வருஷம் தாண்டணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னும் தாண்டலீங்க. உங்க வூட்டுக்கு வந்து எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா..." அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

நல்லுசாமி துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். தர்மராஜின் அம்மா காப்பி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பி, கெளம்பலாம்," என்றாள்.

தர்மராஜ் எழுந்திருக்கவில்லை. "ஒரு வருஷம் எப்ப ஆவுதுங்க?" என்று ஜெகதாம்பாளையே கேட்டான்.

"வைகாசியில."

"அப்ப ஆனியில வச்சுக்கலாம்."

"ஆனி வரைக்கும் எவன்டா காத்துக்கிட்டிருப்பான்?" என்றாள் அவன் அம்மா.

"நான்தாம்மா. வேற யாரு?" அவன் நல்லுசாமி பக்கம் திரும்பிச் சொன்னான். "சுரங்கத்துல தெனமும் வேட்டு வைக்கறாங்க. சங்கு ஊதுனா லாரிய வுட்டுட்டு ஓடிப் போயி பதுங்கணும். போன மாசம் ஒரு கல்லு பறந்து வந்து என் லாரிக் கண்ணாடிய ஒடச்சிருச்சு. நான் அதுல உக்காந்திருக்க வேண்டியது. வைரக்கண்ணுவக் கேளுங்க. மறுநாளு லாரிச் சாவிய எடுக்கறதுக்குக் கை வல்ல எனக்கு. அதனால பயப்படறவங்கள எனக்குத் தெரியுங்க."

ஜெகதாம்பாள் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த ஆனியில் கல்யாணம் நடந்தது. அரியலூரில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. வருஷம் தாண்டிவிட்டது, டாக்டர் சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஆனால் பயத்துக்குக் கெடு தெரியவில்லை. முதல் சில மாசம், தொண்டை கரகரத்தால் அவள் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். தர்மராஜ் வந்து, "என்ன, அதா?" என்று கேட்பான். "ஆமா," என்பாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அது போகும் வரைக்கும் இருவரும் சும்மா இருப்பார்கள். அதே போல, சங்குச் சத்தம் கேட்ட பிறகு அவன் வர நேரமானால் அவள் வாசலில் நிற்பாள். வந்ததும் அவன் சட்டையிலிருந்து வெள்ளைப் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டே, "என்ன, இன்னிக்கும் பயந்தீங்களா?" என்பாள்.

டீச்சர் படிப்பு கடைசி வரை நடக்கவில்லை. தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். எண்பதில் பெண் பிறந்தது, அப்புறம் ஒரு பையன். பெண்ணுக்கு அம்மை போட்டு, அது தணிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் படுக்க வைத்த ஒரு பகலில், தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் அவளும் கண்ணயர்ந்தாள். விழித்தபோது, தன்னைப் பற்றிய அந்தப் பழைய பயத்தை நினைத்து எத்தனையோ மாசம் ஆகிவிட்டது என்று உறைத்தது. எப்போது போனது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. குழந்தை புரண்டு படுத்து முனகியது. அவள் அதன் நெற்றியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள்.